ஆஸ்பத்திரித் திகதி வரும் வரை
(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, ஈரப் படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்கமாட்டோம். நாங்கள் கொழும்பிலிருந்து வந்திருந்தாலும் பிறந்து வளர்ந்தது லயத்துக் காம்பராவில்தான். எங்களில் இரண்டு பேருக்கு வெள்ளவத்தையில் வீட்டு வேலை, ஒருவருக்கு கொட்டாஞ்சேனையில் தையல் வேலை. ஊரிலிருந்து யாராவது பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் எங்கள் காம்பராவில் பாய் விரித்துத்தான் படுப்பார்கள். நாங்கள் டொக்டர்கள் இல்லை. கூடப் போய் வந்து, கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

பேசப்போகிற விஷயம் உதிரப்போக்கு. சிலர் தலையைக் குனிகிறீர்கள். குனிய வேண்டாம், இங்கே எல்லாரும் பொம்பளைகள்தான். ஐயாமார் கேட்டாலும் நல்லதுதான்.

எங்களிடம் வந்த ஒரு அக்காவின் கதை. வயது ஐம்பத்திரண்டு. தீட்டு நின்று இரண்டு வருஷம். அப்புறம் திடீரென்று மறுபடி பட்டது. "சூடு" என்று வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்திருக்கிறார். மூன்று மாசம் துணியை மடித்துக் கட்டிக்கொண்டே மலைக்குப் போயிருக்கிறார். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் பெரட்டுக் களத்தில் தலை சுற்றி விழுந்த பிறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரி, அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரி, ஸ்கேன், பிறகு கொழும்புக்குத் துண்டு. அங்கே "ஹிஸ்டெரோஸ்கோப்பி" என்று எழுதி ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு திகதி கொடுத்தார்கள்.

அந்த ஆறு கிழமைதான் இன்றைய பேச்சு.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். அக்காவுக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல், "பிலிகா". புற்றுநோய். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பாராம். மகளுடைய கல்யாணத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மாப்பிள்ளை வீட்டுக்கு ஆளனுப்பியிருக்கிறார். கடைசியில், "சாகப் போறவளுக்கு என்னாத்துக்கு கொழும்பு, ரெண்டு நாள் பேருதான் போகும்" என்று சொல்லி, குறித்த திகதிக்கு வராமலே விட்டுவிட்டார்.

மகள் கோல் எடுத்து அழுதபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரியும். வரச்சொல்லி, கிளினிக் கொப்பியோடு கூட்டிக்கொண்டு போனோம். தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸியைப் பிடித்து, "கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டோம். அவர் வாசித்துவிட்டு, "கேன்சர் என்று யாரும் சொல்லவில்லையே அம்மா. அது இருக்கா இல்லையா என்று பார்க்கத்தான் உள்ளே பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது" என்றார். அக்கா அந்த வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது" என்றார்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "எனக்கு என்ன?" என்பதைவிட, "எதைப் பார்க்கிறதுக்கு இந்த டெஸ்ட்?" என்பது. தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் டொக்டர் என்ன சொன்னார் என்பதைக் கூட வந்தவரிடம் ஒருதடவை திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். தீட்டு முழுக்க நின்ற பிறகு உதிரம் பட்ட பெண்கள் நூறு பேரைப் பார்த்தால், ஏறக்குறைய ஒன்பது பேருக்குத்தான் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018ஆம் ஆண்டு எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு உள்தோல் மெலிந்துபோனது, பொலிப் என்கிற சின்னச் சதை, பைப்ரொய்ட் கட்டி, இப்படி ஏதாவது. தீட்டு நிற்காத வயதில் அளவுக்கு மீறிப் போகிறவர்களில் புற்றுநோய் இதைவிடவும் குறைவு. ஒன்பது என்பது சின்ன எண் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டோம். அந்த ஒன்பதில் ஒருவராக இருந்தால் நேரத்தோடு தெரிந்துகொள்ளத்தான் இத்தனை அலைச்சல். சீக்கிரம் கண்டுபிடித்தால் இந்தப் புற்றுநோயைப் பெரும்பாலும் ஒப்பரேஷனோடு குணமாக்கிவிடலாம்.

இன்னொன்று. "நான் சுகவனிதையர் கிளினிக்கில் பெப் டெஸ்ட் எடுத்தேன், சுத்தம் என்றார்கள், பிறகு என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். 1996ஆம் ஆண்டு தொடங்கிய அந்தக் கிளினிக் மிகவும் நல்லது, கட்டாயம் போங்கள். ஆனால் பெப் டெஸ்ட் பார்ப்பது கர்ப்பப்பையின் வாசலை. நாம் பேசுவது வீட்டுக்குள்ளே.

அந்த வீட்டுக்குள்ளே பார்ப்பதுதான் ஹிஸ்டெரோஸ்கோப்பி. வயிற்றைக் கீறுவதில்லை, தையல் இல்லை. பிள்ளை வருகிற வழியாலேயே, நுனியில் வெளிச்சமும் கெமராவும் உள்ள மெல்லிய குழாயை விடுவார்கள். மடிந்து கிடக்கிற கர்ப்பப்பை விரிவதற்கு உப்புத்தண்ணீர் விட்டு, டீவியில் படம் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அநேகமாக அரை மணிக்குள் முடிந்துவிடும். பழைய "கழுவுறது" கண்ணால் பார்க்காமல் சுரண்டுவது. இது பார்த்துச் செய்வது. நேற்று வந்த புதுமையும் இல்லை. 1869ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு டொக்டர் பந்தலியோனி, தீட்டு நின்ற பிறகு உதிரம் பட்ட அறுபது வயது அம்மா ஒருவருக்கு இப்படிக் குழாய் வைத்துப் பார்த்து, பொலிப்பைக் கண்டுபிடித்து மருந்து போட்டிருக்கிறார். நம்ம அக்காவுக்கு இருந்ததும் அதேதான்.

வலிக்குமா? சிலருக்குத் தீட்டு வலிபோல இழுக்கும், சிலருக்குக் கடுமையாகவே வலிக்கும். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதும் உண்டு, கொடுக்காமல் செய்வதும் உண்டு. எது என்று முன்கூட்டியே கேளுங்கள். மயக்கம் கொடுப்பதென்றால் எத்தனை மணியிலிருந்து சாப்பிடக்கூடாது என்பதையும் கேளுங்கள். ரயிலில் வடை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய், திரும்பி வர நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மயக்கமில்லாமல் செய்யும்போது தாங்க முடியாவிட்டால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

இனி, காத்திருக்கிற நாட்கள். "யோசிக்காதே" என்று சொல்வது சுலபம். யோசனை வராமலிருக்குமா? யோசனைக்கு ஒரு நேரத்தை ஒதுக்கச் சொல்லி அந்த அக்காவுக்குச் சொன்னோம். சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு அரை மணி, மகளோடு உட்கார்ந்து பயத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்வது, கேட்க வேண்டிய கேள்விகளை மகள் கொப்பியில் எழுதுவது. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற யோசனையை, "நாளை சாயந்திரம் வா" என்று அனுப்பிவிட வேண்டும். முதலில் சிரித்தார். பிறகு கொப்பியில் பதினொரு கேள்வி சேர்ந்தது. அதில் ஒன்று, "குழாய் விட்ட பிறகு கூடை தூக்கலாமா?" யார் கேட்பார்கள் இந்தக் கேள்வியை, நம்மவர்களைத் தவிர!

அயல் லயத்துக்காரர் சொல்கிற கதைகளுக்கு அந்த நாட்களில் காது கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் செத்துப்போன ஒரு சின்னம்மா இருப்பார். கோவிலுக்கு நேருங்கள், மாதாவிடம் சொல்லுங்கள், அது மனதுக்குத் தெம்பு. ஆனால் நேர்த்திக்கடன் திகதியும் ஆஸ்பத்திரித் திகதியும் ஒன்றாக வந்தால், ஆஸ்பத்திரி முதலில். தூக்கமே இல்லாமல், உயிரை வெறுக்கிற யோசனை வந்தால் 1926க்கு அடியுங்கள், மனநல ஆலோசனை கிடைக்கும்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். இரத்தம் குறைந்தாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அதைப் பயம் என்றே நினைத்துக்கொள்வோம். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தால் விடாமல் குடியுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நம்ம கையால் பறிக்கிற தேயிலைதான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். சாப்பாட்டோடும் குளிசையோடும் தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். அதற்குப் பதில் தேசிக்காய்த் தண்ணி குடித்தால் சத்துச் சேரும். மணிக்கொரு துணி நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், மயக்கம் வந்தால், திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசில்லை.

ஐயாமார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அக்காவின் வீட்டுக்காரர் ஆறு கிழமையும் ஒன்றும் பேசவில்லை. கோபம் என்று அக்கா நினைத்தார். அவருக்கும் பயம்தானாம். பயமென்றால் பயமென்று சொல்லுங்கள். அடுப்பை மூட்டிக் கொடுங்கள், திகதியன்று கூட வாருங்கள்.

அக்காவுக்கு எல்லாம் முடிந்து அன்று சாயந்திரமே கொட்டாஞ்சேனைக்குக் கூட்டி வந்தோம். இரண்டு மூன்று நாள் லேசாகப் பட்டது, அடிவயிறு இழுத்தது. காய்ச்சலோ, நாற்றமோ, அதிக உதிரமோ இருந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒன்றும் வரவில்லை. துண்டு எடுத்த ரிப்போர்ட் வர மறுபடியும் சில கிழமை. அந்தக் காத்திருப்பு முதலாவதைவிடக் கஷ்டம் என்றுதான் சொன்னார். ரிப்போர்ட்டில் கெட்டது இல்லை.

அதே வருஷம் எங்களிடம் தங்கிய இன்னொரு தங்கச்சிக்கு அப்படி வரவில்லை. புற்றுநோய்தான். கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருதடவை கிளினிக்குக்கு வருகிறார், வெள்ளவத்தையில் எங்களோடு தங்குகிறார், வரும்போது தோட்டத்துக் கீரை கொண்டு வருகிறார். "முதல் திகதியை விட்டிருந்தா கீரை இல்லை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கொழும்புக்கு வருகிறவர்கள் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன், குடிக்கிற குளிசைகளின் பேர், மாற்றுத் துணி எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும், அதற்குக் கிட்டவே 1879இல் திறந்த டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் இருக்கின்றன. இரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரிகள், காசு கேட்கமாட்டார்கள். எது என்று துண்டில் பார்த்துக்கொண்டு ஏறுங்கள், பெயர் மாறி அலைந்தவர்கள் உண்டு. அன்றைக்குத் தீட்டு வந்துவிட்டதே என்று வீட்டில் நின்றுவிடாதீர்கள். முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்துக் கேளுங்கள்.

இப்போது மிஸ்ஸி உங்கள் கேள்விகளை எழுத கொப்பி கொடுப்பார். எழுதத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் வந்து காதோடு சொல்லுங்கள்.