அயல்நாட்டிலிருந்து மீண்டோரும் கல்விக் கொடையும்
(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)



ஆதிபகவன் நெடுநாள் உண்ணாநோன்பிருந்து ஊர்தோறும் எழுந்தருளியபோது, மக்கள் யானையையும் குதிரையையும் பொன்னையும் மணியையும் கொண்டுவந்து நீட்டினார்கள். அன்புக்குக் குறைவில்லை, கொடுக்கும் முறைதான் தெரியவில்லை. பகவனோ தமக்கு வேண்டுவது இன்னதென்று வாய்திறந்து கேட்டாரில்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் முறையறிந்து கரும்புச் சாற்றை ஈந்த பின்னரே பாரணை நிகழ்ந்தது.

கேளாதவரை அறிந்து கொடுத்தல் என்னும் இச்செய்தியை நினைக்குந்தோறும், நம் அறக்கட்டளைகளின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் ஒரு சாரார் என் கண்முன் வருகிறார்கள். பட்டயப் படிப்பை முடித்து வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ சில ஆண்டு உழைத்துத் திரும்பிய நம் பிள்ளைகள்தாம் அவர்கள். தங்கையின் திருமணம், வீட்டுக் கடன் என்று ஊதியம் கரைந்திருக்கும். ஒப்பந்தம் முடிந்திருக்கும். பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்ட வகுப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியுண்டு, மனமும் உண்டு. ஆனால் ‘துபாய்க்குப் போய்ச் சம்பாதித்தவன் கை நீட்டுகிறான்’ என்னும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி விண்ணப்பத் தாளை வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். இது வேண்டாத கூச்சம். அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் வகுத்த நெறியில், கல்விக்கென ஈவதும் பெறுவதும் இழிவாகா.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படாத காலத்தில் ஒருவர் அயல்நாட்டில் ஈட்டி அங்கேயே பெற்ற ஊதியத்திற்குப் பொதுவாக இங்கே வருமான வரி இல்லை. வரி இல்லாததை வருமானமே இல்லையென்று சிலர் கொள்கிறார்கள். இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து, வட்டாட்சியர் வழங்கும் வருமானச் சான்றில் தந்தையின் இரண்டு ஏக்கர் விளைச்சல் மட்டுமே ஏறியிருக்கும். சான்று உண்மை, சொன்னது முழுமையன்று. பொய்யாமையோடு கள்ளாமையும் இங்கே பிழைபடுகிறது. ஏனெனில் உதவித்தொகை அளவுபட்டது, ஒருவர் பெற்றால் மற்றொருவர் பெறார்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? சென்ற ஆண்டின் ஊதியத்தையும் இவ்வாண்டின் நிலையையும், இரண்டையுமே எழுதுங்கள். பணி முடிவுக் கடிதம், நாடு திரும்பிய நாள் பதிந்த கடவுச்சீட்டுப் பக்கத்தின் படி, கடைசி ஓராண்டு வங்கிக் கணக்குத் தாள் ஆகியவற்றை இணைத்து, பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதை ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். நீண்ட முறையீடு வேண்டாம்.

அரசு உதவியில் இத்தனை நெகிழ்வு இராது. 2014 சனவரி 27 அன்று நடுவணரசு சமணரைச் சிறுபான்மையினராக அறிவித்தது நாம் அறிந்ததே. ஆயினும் சிறுபான்மையினர் என்பதாலேயே எந்த உதவியும் வந்துவிடுவதில்லை, வருமான வரம்பு குறுக்கே நிற்கும். அனைவர்க்கும் பொதுவான பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்து மாணவருக்கு 10 இலட்சம் வரையான கல்விக் கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. அதுவும் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேர்ந்தோர்க்கே. அங்கே எல்லைக்கோடு கோடுதான். நம் அறக்கட்டளைகளோ ஆளைப் பார்க்கலாம், வீட்டைப் பார்க்கலாம், காரணம் கேட்கலாம்.

ஆகவே பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் விண்ணப்பப் படிவங்கள் ‘பெற்றோர் தொழில், ஆண்டு வருமானம்’ என்று மட்டுமே கேட்கின்றன. இருபத்தாறு வயதில் மீண்டும் மாணவராகும் ஒருவர் தம் பழைய ஊதியத்தை எழுதுவதற்கு அதில் இடமே இல்லை. ‘விண்ணப்பிப்பவரின் முந்தைய பணி, அது முடிந்த நாள், இப்போதைய வருவாய்’ என்று மூன்று வரிகளைச் சேர்த்துவிடுங்கள். வயது வரம்பையும் ஒருமுறை பாருங்கள். வரும் கல்வியாண்டுக்கான படிவம் அச்சுக்குப் போகுமுன் இதைச் செய்ய இயலும் என்று நம்புகிறேன்.