கண்ணின்றித் தோன்றும் ஒளி

இருளறையில் கண்களை மூடி, இமையின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தினால், விளக்கேதும் இல்லாதபோதும் ஒளிவட்டமொன்று தோன்றும். அழுத்தத்தால் விழித்திரை தூண்டப்படுகிறது. நரம்பு வழியே வரும் அச்செய்தியை மூளை ஒளியென்றே கொள்கிறது. அங்ஙனமாயின், கண்ணும் நரம்பும் பழுதுற்றவருக்கு மூளையையே நேராகத் தூண்டி ஒளி காட்டலாகாதா?

பிடரிப் பக்கத்து மூளையில் மின்சாரம் பட்டால் ஒளிப்புள்ளி தோன்றும் என்பதை 1929ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வைத்தியர் ஃபோர்ஸ்டர் எடுத்துரைத்தார். பின்னர் இங்கிலாந்தில் பிரிண்ட்லி, லூயின் என்னும் இருவர், பார்வையிழந்த 52 வயது மாது ஒருவரின் மூளைமீது 80 மின்வாய்களைப் பதித்து, அதன் பயனை 1968இல் வெளியிட்டனர். தலைத்தோலின் கீழிருந்த சிறு ஏற்பிகளுக்கு வானொலி அலைகளே செய்தி கொண்டு சென்றன. மின்வாய்களுள் ஏறத்தாழப் பாதி ஒளி காட்டின. வானத்துச் சிறு விண்மீன்போற் புள்ளிகள் தோன்றின. கண்களை அசைத்தால் அவையும் உடன் நகர்ந்தன.

ஆயினும் புள்ளிகள் பல ஒருங்கே ஒளிர்வதால் உருவம் அமைந்துவிடுவதில்லை. 2020இல் அமெரிக்க ஆய்வாளர் வேறொரு வழி கண்டனர். உள்ளங்கையில் விரலால் எழுத்து வரைவதுபோல, மின்வாய்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டினர். பார்வையற்றோர் அவ்வெழுத்து வடிவங்களை அறிந்துகொண்டனர். 2021இல் வெளியான ஸ்பானிய ஆய்வொன்றில், 16 ஆண்டுகள் பார்வையின்றி இருந்த மாது ஒருவர், 96 மின்வாய்களின் துணையால் சில எழுத்துகளை இனங்கண்டார். ஆறு மாதங்களின் பின் அக்கருவி அகற்றப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். விழித்திரையிற் பொருத்தும் கருவியை 350க்கு மேற்பட்டோருக்கு அளித்த அமெரிக்க நிறுவனமொன்று, பொருள் நெருக்கடியால் அதனைக் கைவிட்டது. கருவி பழுதுற்றபோது சீர்செய்வாரின்றி, பெற்ற மங்கலான ஒளியையும் சிலர் இழந்தனர். கண்ணில் நேர்ந்தது நாளை மூளையிலும் நேரலாம். அங்கோ சத்திரசிகிச்சையின் அபாயமும் பெரிது.

கைத்தடியும் பிரெயில் எழுத்தும் எந்த நிறுவனம் மூடப்பட்டாலும் பார்வையற்றோரைக் கைவிடுவதில்லை. மூளையில் விளக்கேற்றத் துணிவோர், அவ்விளக்கை ஆயுள் முழுவதும் காக்கும் பொறுப்பையும் முன்னரே ஏற்றல் வேண்டும். ஒளியின் வாக்குறுதியை நம்பித் தம் தலையையே ஒப்படைப்பவருக்குச் செலுத்தவேண்டிய கடன் அது.