மேய்ச்சல் நிலத்துக்கும் ஓய்வு வேண்டும்

(அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுப்பாடம் எழுதி வராத மாணவனைப் பார்த்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. கோபத்தில் வரும் சொல்தான். ஆனாலும் அதற்குள் ஒரு கருத்து இருக்கிறது: மாடு மேய்க்க அறிவு தேவையில்லை என்பதே அது. இந்தக் கருத்து சரிதானா என்று நாம் இன்று சோதித்துப் பார்ப்போம். சோதிப்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று ஒன்று உண்டு.

கொறங்காடு என்னும் ஏற்பாடு

திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில், குறிப்பாகக் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். மழை குறைவு, மண் சரளை கலந்தது. உழுது விதைத்தால் பல ஆண்டுகளில் விதைச் செலவுகூடத் திரும்பாது. அந்த மண்ணில் உழவர்கள் மேய்ச்சலையே பயிராக்கினார்கள்.

ஒரு கொறங்காட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. தரையில் கொழுக்கட்டைப் புல்லும், அதனூடே நரிப்பயறு, செப்புநெருஞ்சி போன்ற பயறு வகைச் செடிகளும் இருக்கும். மேலே ஆங்காங்கே வெள்வேல மரங்கள் நிற்கும். நான்கு புறமும் கிளுவை உயிர்வேலி. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. வெள்வேலம் வெயிலில் மாட்டுக்கு நிழல் தருகிறது. புல் காய்ந்த கோடையில் அதன் காய்கள் தீவனமாகின்றன. காயைத் தின்ற ஆடுமாடுகளே விதையைச் சாணத்தோடும் புழுக்கையோடும் நிலமெங்கும் பரப்பிவிடுகின்றன. காங்கயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் இத்தகைய நிலங்களில் மேய்ந்து வளர்ந்தவையே.

இந்த மூன்று அடுக்குகளையும் எல்லோரும் பாராட்டுவார்கள். நான் உங்கள் கவனத்தை வேலியின் பக்கம் திருப்ப விரும்புகிறேன். கிளுவை வேலி மாட்டை உள்ளே வைப்பதற்கு மட்டும் ஏற்பட்டதில்லை. அது நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது. ஒரு காட்டில் மாடு மேயும்போது அடுத்த காடு படல் சாத்தி ஓய்வில் இருக்கிறது. புல் தழைத்த பிறகுதான் அங்கே படல் திறக்கும். வேலி பிரிப்பது இடத்தை. அதன் மூலம் உழவர் ஆள்வது காலத்தை.

புல் எப்படிப் பிழைக்கிறது?

மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்துப் பறிக்கிறது. ஆடு உதட்டாலும் பல்லாலும் தரையொட்டக் கடிக்கிறது. எப்படிக் கடித்தாலும் புல் இழப்பது இலையை, அதாவது தன் சமையலறையை. இலை இல்லாதபோது, அடித்தண்டிலும் வேரடியிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துப் புதுத் துளிர் விடுகிறது. அந்தத் துளிர் விரிந்து, ஒளிச்சேர்க்கை செய்து, செலவழித்ததை மீண்டும் சேமிக்கச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அதே துளிரை மாடு மறுபடியும் கடித்தால் சேமிப்பு கரைகிறது. வேர் சுருங்குகிறது. இது தொடர்ந்தால் நல்ல புல் செத்து, மாடு தொடாத களைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இளந்துளிர்தான் மாட்டுக்கு மிகவும் பிடிக்கும் என்பது இதில் உள்ள சிக்கல். முழு நிலத்தையும் திறந்துவிட்டால், பக்கத்தில் முற்றிய புல் நிற்கும்போதும் நேற்றுக் கடித்த இடத்தையே தேடிப் போகும். ஆகவே மாடு குறைவாக இருந்தாலும் நிலம் கெடலாம். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பண்ணை வைத்திருந்த ஆந்த்ரே வுவாசன் என்ற அறிஞர் 1957இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வலியுறுத்தினார்: மாடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்; ஒரு புல் எத்தனை நாள் வாய்க்கு எட்டும்படி இருந்தது, எத்தனை நாள் ஓய்வு பெற்றது என்று பாருங்கள் என்பது அவர் கருத்து. படல் சாத்திய கொங்கு உழவரும் நார்மண்டி அறிஞரும் ஒரே விதியைத்தான் கையாண்டார்கள்.

வகுப்பறைக்கு ஒரு கணக்கு

கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல பாடம். ஒரு குடும்பத்துக்கு 12 ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். அதை 4 காடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 நாள் மேய்த்தால், ஒவ்வொரு காட்டுக்கும் 30 நாள் ஓய்வு. 6 காடுகளாகப் பிரித்து 6 நாள் மேய்த்தாலும் 30 நாள் ஓய்வுதான். எது சிறந்தது? மழைக்காலத்தில் கடித்த புல் ஒரு வாரத்திலேயே துளிர்த்துவிடும். 10 நாள் தங்கும் மாடு அந்தத் துளிரையும் கடித்துவிடும். 6 நாளில் வெளியேறும் மாட்டுக்கு அந்த வாய்ப்பு குறைவு. படல்களை எல்லாம் திறந்து போட்டால், அதே நிலம், அதே மாடுகள், ஓய்வு மட்டும் பூஜ்யம்.

எத்தனை மாடு விடலாம்? ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்துக் காயவைத்து எடை போட்டால் 100 கிராம் வருகிறது என்று கொள்வோம். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். ஆக 400 கிலோ. 2 ஏக்கர் காட்டில் 800 கிலோ. பாதியை மாட்டுக்கு விட்டு, பாதியை நிலத்துக்கு விட வேண்டும். மீதம் 400 கிலோ. 300 கிலோ எடையுள்ள மாடு தன் எடையில் சுமார் 2.5 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 7.5 கிலோ உலர்பொருள் தின்னும். 6 நாளுக்கு 45 கிலோ. எனவே 8 மாடுகள் விடலாம். இது மழைக்காலக் கணக்கு. புல் வளராத கோடையில் இதே எண்ணிக்கையை நிலம் தாங்காது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

மண்ணும் வருமானமும்

பாதியை நிலத்துக்கு ஏன் விட வேண்டும்? நிற்கும் புல் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. மொட்டைத் தரையில் விழும் துளி மண்ணின் மேற்பரப்பை அடைத்துவிடும். நீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும். ஓய்வு பெற்ற புல்லின் வேர் ஆழம் போகிறது. மடிந்த வேர் மட்கி, நீர் இறங்க வழிவிடுகிறது. மாடு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சாணமும் சிறுநீரும் ஒரே மரத்தடியில் குவியாமல் நிலமெங்கும் விழுகின்றன.

வருமானம் என்பது பால் விலையோடு முடிவதில்லை. செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தானே மேயும் மாட்டுக்குத் தீவனம் அறுக்கக் கூலி இல்லை, சுமக்க வண்டி இல்லை. நல்ல வேலி இருந்தால் நாள் முழுக்கக் காவலுக்கு ஆளும் வேண்டாம். சாணத்திலிருந்து வரும் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் புல்லில் ஏறிக் காத்திருக்கும். காடு வெயிலில் காய்ந்து கிடக்கும்போது அவற்றில் பெரும்பகுதி மடியும். மருந்துச் செலவும் குறைகிறது.

இது எல்லாவற்றையும் தீர்க்கும் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. மழை பொய்த்த ஆண்டில் மாடுகளைக் குறைத்தே ஆக வேண்டும். நிலம் பாகப்பிரிவினையில் சிறுத்துவிட்டால் சுற்றி வர இடம் இருக்காது. இன்று கொறங்காடுகள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. கிளுவை போய்க் கம்பி வந்துவிட்டது. ஒரு காடு அழிந்தால், அதை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்று தெரிந்த அறிவும் அதோடு போய்விடும். அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் முழுமையாக எழுதி வைக்கப்படவில்லை. அது உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டில் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

மூன்று செயல்பாடுகளைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, பள்ளி வளாகத்தில் ஆடு நுழையும் ஓரத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தை முள் வைத்து அடையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை உள்ளேயும் வெளியேயும் புல்லின் உயரத்தை அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். இரண்டு, இரு பக்கமும் திறந்த தகர டப்பாவைப் புல் தரையிலும் மொட்டைத் தரையிலும் பதித்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். மூன்று, ஆடுமாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தாத்தா, அப்பத்தா, அம்மாவிடம் கேட்டு வரட்டும்: எந்தப் புல்லை மாடு முதலில் கடிக்கும்? எதைத் தொடாது? மழை பெய்து எத்தனை நாள் கழித்துக் காட்டைத் திறப்பீர்கள்?

அந்தப் பதில்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதும்போது, சொன்ன மாணவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். மேய்ச்சலுக்காகப் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையை வகுப்புக்குத் திரும்ப அழைத்து வருவது நம் கடமை. வந்த பிள்ளை தான் அறிந்ததை வெட்கப்படாமல் சொல்ல இடம் கொடுப்பதும் நம் கடமைதான்.