குதிகால் நோவும் அதனைக் கத்தியின்றித் தீர்க்கும் வகையும்



தமிழ்ப் பண்டிதன் வைத்தியப் பொருள் பேச எழுந்தது கண்டு சிலர் வியத்தல் கூடும். இருபதாண்டுகட்கு மேலாக நின்றே பாடஞ் சொல்லி வருபவனைக் குதிகால் வாளா விட்டு வைப்பதில்லை. நம்மவருள்ளும் பொழுதெல்லாம் கடையில் நிற்பாரும், கல் பாவிய அடுக்களையில் வெறுங்காலோடு உழைக்கும் தாய்மாரும் பலராதலின், இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

விடியலில் எழுந்து முதலடி வைக்குங்கால் குதியில் முள் தைத்தாற்போன்ற நோவு. சிறிது நடந்தபின் தணிவு. நெடுநேரம் அமர்ந்து எழுந்தால் மீண்டும் நோவு. இந்நோயின் இலக்கணம் இதுவே. குதியென்பில் தொடங்கி விரல்களின் அடிவரை, வில்லின் நாண்போல் நின்று பாதத்தின் வளைவைத் தாங்கும் நார்ப்படலம் ஒன்றுண்டு. அது பளு மிகுதியால், குதியைப் பற்றுமிடத்தே நைந்து போகின்றது. மேனாட்டு வைத்தியர் இதற்கிட்ட பெயர் 'பிளாண்டார் ஃபாசியைட்டிஸ்' என்பது. அப்பெயரின் ஈறு அழற்சியைக் குறிக்கும். ஆயினும் 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர், சத்திர சிகிச்சை பெற்ற 50 நோயாளரின் படலத் துணுக்குகளை ஆராய்ந்தபோது அழற்சியைக் காணாது நைவையே கண்டனர். பெயரும் பொருளும் பொருந்தாமை இலக்கணத்தில் மட்டுமன்றி வைத்தியத்திலும் உண்டு போலும்! எக்ஸ்ரே படத்தில் என்பு முள்போல் வளர்ந்திருத்தலைக் கண்டு அஞ்சுவாருளர். நோவே இல்லாதார் பலர்க்கும் அம்முள் உண்டாகலின், அதனை அறுத்தெறிய விரைதல் வேண்டா.

இனி, சிகிச்சைகளை ஒப்பு நோக்குவோம். பலர் முதலில் நாடுவது ஸ்டீராய்டு ஊசி. அதன் பயன் விரைந்து தோன்றும். ஆனால் ஏறக்குறைய ஒரு திங்களுக்கு மேல் நில்லாது. பன்முறை குத்திக்கொண்டால் படலம் அறுதலும், குதியின் கொழுப்பு மெத்தை தேய்தலும் நேரக்கூடும். நீரிழிவுடையார்க்குச் சில நாள் சர்க்கரையும் ஏறும்.

பாதரட்சையினுள் வைக்கும் தாங்கிகளுக்கு வருவோம். காலை அளந்து தனியே செய்வித்தது விலை மிக்கது. கடையில் ஆயத்தமாய் விற்பது மலிவு. 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆராய்ச்சியொன்றில் 135 பேரைச் சோதித்தனர். இரண்டன் பயனும் ஒரு தன்மைத்தாகவே இருந்தது. 12 திங்கள் கழிந்தபின் போலித் தாங்கி அணிந்தோரினும் அவர் மேம்பட்டிலர். ஆகவே மெத்தென்ற குதியுடைய செருப்பை வீட்டினுள்ளும் அணிதல் சாலும்; பெரும்பொருள் செலவிடல் வேண்டா. அதிர்வலைச் சிகிச்சை, நோவு பல திங்கள் நீடித்தார்க்கு டாக்டர் கூறின் கொள்ளத்தக்கது.

யான் மிகுதியும் வற்புறுத்துவது காசு கேளாத பயிற்சியையே. 2003-இல் அமெரிக்காவில் 101 பேரைக் கொண்டு நிகழ்ந்த சோதனையில், பின்னங்கால் நாணை மட்டும் நீட்டியவரினும், உள்ளங்காற் படலத்தையே நீட்டியவர் 8 வாரத்தில் மிக்க நலம் பெற்றனர். செய்முறை எளிது. அமர்ந்து, நோவுள்ள காலை மற்றைத் தொடைமேல் இட்டு, விரல்களைக் கையாற் பற்றி முழந்தாள் நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை நிறுத்துக. இங்ஙனம் பத்துமுறை, நாளொன்றுக்கு மூன்று வேளை. முதல் வேளை, படுக்கையிலிருந்து நிலத்தில் அடி வைக்கு முன்னரே ஆதல் வேண்டும்.

2014-இல் டென்மார்க்கினர் வேறொன்று கண்டனர். படியின் விளிம்பில் நின்று, விரல்களின்கீழ்த் துணிச்சுருள் வைத்து, ஒற்றைக்காலால் மெல்ல எழும்பி மெல்ல இறங்குதலை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தோர், நீட்டற் பயிற்சி மட்டும் செய்தோரினும் மூன்று திங்களில் முந்தினர். ஓராண்டு முடிவில் இருசாராரும் ஒத்தே நின்றனர். பொறுமையுடையார் எதனைக் கைக்கொள்ளினும் நன்றே. பெரும்பாலார்க்கு இந்நோய் ஓராண்டளவில் கத்தியின்றியே தீர்கின்றது.

நம் இல்லங்களில் செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலை இட்டுக் குதியை ஊன்றும் வழக்கம் உண்டு. அவ்வெம்மை இதமளிக்கும்; நைந்த படலத்தை அது திருத்தாது. முதியோரைப் பழித்தல் என் கருத்தன்று. ஆயினும் தாய்மார்களே, ஒன்றை மன்றாடிக் கேட்கின்றேன்: நீரிழிவுற்று நாட்பட்டோரின் பாதம் உணர்விழந்திருத்தல் கூடும். சுடுகல் தோலைப் பொசுக்குவதும் அவர்க்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, முடிவில் காலையே இழப்பாருளர். அத்தகையோர் வீட்டில் அச்செங்கல்லை அடுப்பில் ஏற்றவே வேண்டா.

காய்ச்சலோடு கூடிய நோவு, இரவிலும் ஓயா நோவு, வீழ்ந்தபின் தோன்றிய நோவு, காலில் மரமரப்பு, இளம்பருவத்தார்க்கு இரு குதியிலும் காலை விறைப்போடு வரும் நோவு ஆகியவை வேறு நோயின் குறியாகலாம். இவற்றுக்குத் தாமதியாது டாக்டரை அடைக. நீட்டற் பயிற்சியைக் கண்ணாற் காண விரும்புவோர், கூட்டம் முடிந்தபின் முன்வரிசைப் பெஞ்சியருகே வருக, செய்து காட்டுகின்றேன்.