எழுத்துக்கும் கூலி உண்டு

நான் எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளத்தில் இல்லை. கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கித்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன்.

ஏப்ரல் 14 நெருங்கினால் கட்டுரை கேட்பார்கள். சாதிக் கொலை நடந்தாலும் கேட்பார்கள். பட்ஜெட் பற்றி எழுதக் கேட்பதில்லை. பணம் எவ்வளவு என்றால், "சமூகத்துக்காக எழுதுங்களேன்" என்பார்கள். அதே பக்கத்து விளம்பரத்துக்கு மட்டும் காசு வாங்குவார்கள்.

பிறப்பைக் காட்டி, அற்பக் கூலிக்கு மகர்களை இரவு பகலாக உழைக்கவைத்தது வதன் முறை. அதற்கு எதிராக 1928இல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியை மறுப்பது சாதியின் பழைய பழக்கம்.

எழுத வரும் தம்பி தங்கைகளே, எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். இயக்க இதழுக்குச் சும்மா எழுதுவது நம் விருப்பம். விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிறவர்கள் கூலி கொடுக்கட்டும்.