வீட்டில் இருந்தாலும் உடம்பு அசையட்டும்

இன்று பல் டாக்டர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "குடும்ப நலக் கூட்டத்திலே பல் டாக்டருக்கு என்னய்யா வேலை?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், விஷயம் இருக்கிறது.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது அல்லவா? பல்லைத் துளைத்துச் சுத்தம் செய்யும்போது எச்சில் நுண்துளியாகக் காற்றிலே தெறிக்கும். கொரோனா பரவ அது போதும். ஆகவே அவசர சிகிச்சை தவிர மற்ற வேலைகளைப் பல் டாக்டர்கள் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. நோய் கண்டவரோடு பழகியவர்கள் 14 நாள் தனி அறையில் இருந்தார்கள்.

அவர்கள் தொழிலோ கழுத்தைக் குனிந்து, முதுகை வளைத்து, மணிக்கணக்கில் ஒரே நிலையில் இருப்பது. கழுத்துவலியும் இடுப்புவலியும் சகஜம். அதற்கு நடையும் உடற்பயிற்சியும் நல்ல மருந்து. ஊரடங்கில் பூங்காவும் மூடியது, உடற்பயிற்சிக் கூடமும் மூடியது. மொட்டைமாடியிலே நடந்தவர்கள் உண்டு. நாற்காலியே கதி என்று கிடந்தவர்களும் உண்டு. உடம்பைப் பற்றிப் படித்தவர்களுக்கே இந்த நிலை!

ஏன், நானும் அப்படித்தான். தனிமை முடிந்த பிறகும் நாற்காலியை விடவில்லை. "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்க, எந்திரிச்சு ஒரு குடம் தண்ணி எடுத்து வச்சா என்னங்க?" என்றாள் என் மனைவி. வெட்கமாகிவிட்டது. பரிசோதித்துப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது.

தசை வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சும்மா கிடந்தால் தசை மெலியும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும்.

"நாங்க காட்டிலே மேட்டிலே பாடுபடுறவங்க" என்பீர்கள். சரிதான். அறுவடை முடிந்து திண்ணையில் உட்காரும் மாதங்களில்? அடைமழைக் காலத்தில்?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், அரைமணி வேக நடை போதும். கர்ப்பிணிகளும் பிரசவித்த தாய்மார்களும் டாக்டரையோ நர்சம்மாவையோ கேட்டுக்கொண்டு நடக்கலாம். காய்ச்சல் இருந்தால் மட்டும் ஓய்வு எடுங்கள்.

கணவன்மார்களே! அடுப்படியில் நாளெல்லாம் நிற்கும் மனைவியிடம் "நீயும் நட" என்று சொன்னால் போதாது. தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அவருக்கு அரைமணி மிச்சமாகும். அந்த அரைமணியில் இருவரும் பேசிக்கொண்டே கண்மாய்க் கரை வரை நடந்து வாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது!