வயர்லெஸ் கம்பமும் காற்று மண்டலமும்
(ஊராட்சி மன்றக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



புயல் எச்சரிக்கை பெறும் வயர்லெஸ் கருவிக்குக் கம்பத்தை எங்கே நாட்டுவது என்பதே இன்றைய பிரச்சினை. அலுவலகக் கூரைமீது 9 மீட்டர் உயரத்தில் வைத்தால் செலவு குறைவு. விடியற்காலையில் சோதித்தபோது, 32 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையம் தெளிவாகக் கேட்டதாம். அந்தச் சோதனையை நான் நம்பத் தயங்குகிறேன்.

நீரில் ஊன்றிய கோல் வளைந்து தோன்றுவதைக் கண்டிருக்கிறீர்கள். ஒளியைப் போலவே வானொலி அலையும் வளையக்கூடியது. தரையருகே காற்று அடர்ந்தும் ஈரமாயும் இருக்கிறது. மேலே செல்லச் செல்ல இரண்டும் குறைகின்றன. ஆதலால் அலை சற்றே கீழ்நோக்கி வளைகிறது. எவ்வளவு வளையும் என்பதைக் காற்றின் அழுத்தம், உஷ்ணம், ஈரம் ஆகிய மூன்றும் நிர்ணயிக்கின்றன. சென்னையிலும் காரைக்காலிலும் வானிலைத் துறையினர் பலூன் பறக்கவிட்டு இவற்றை அளக்கின்றனர்.

சாதாரண நாளுக்கு விஞ்ஞானிகள் ஓர் எளிய உபாயம் வைத்திருக்கிறார்கள். பூமியின் ஆரத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டு, அலை நேராகச் செல்வதாகவே கணக்கிடுவார்கள். அதன்படி 9 மீட்டர் கம்பத்தின் எல்லை சுமார் 12 கிலோமீட்டர். நிலையத்தின் 16 மீட்டர் கம்பத்திற்குச் சுமார் 16. இரண்டும் சேர்ந்து 28 தான். நமக்கு வேண்டியதோ 32. கோயில் மேட்டில் நாட்டினால் உச்சி 25 மீட்டர் உயரம் எட்டும். எல்லை 20 ஆகிவிடும்.

பின் விடியலில் கேட்டது எப்படி? இரவில் தரை குளிர்கிறது. குளிர்ந்த ஈரக்காற்று கீழேயும், வெப்பமான உலர்காற்று மேலேயும் அடுக்காகத் தங்குகின்றன. அப்போது அலை மிகுதியாக வளைந்து, வாய்க்காலில் ஓடும் நீர்போலப் பூமியை ஒட்டியே செல்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பம்பாயிலிருந்த ராடார் ஒன்றுக்கு, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரையே இவ்விதம் புலப்பட்டதுண்டு!

ஆனால் புயற்காற்று அந்த அடுக்குகளைக் கலக்கிவிடும். நமக்குச் செய்தி மிகவும் தேவைப்படும் வேளையில் இவ்வாய்க்கால் இராது. தணிக்கைக் குறிப்புக்கு நானும் அஞ்சுகிறவன்தான். எனினும் செலவு மிச்சம் என்பதற்காகக் கூரையைத் தேர்ந்தெடுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே தீர்மானம் நிறைவேற்றுமுன், காற்று பலமாக வீசும் ஒரு பிற்பகலில் இரண்டு இடங்களிலும் மறுபடி சோதிப்போம். அன்று கருவியுடன் நானே வருகிறேன். உறுப்பினர்கள் நால்வராவது உடன் வர வேண்டும்.